நூலுக்குள் வழி வேண்டும்

‘நூல் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை?’ என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். பார்வையற்ற மாணவரைப் பற்றிப் பேசும்பொழுது இக்கேள்வி இன்னும் எளிதாக எழுகின்றது. பாடநூலைப் படமெடுத்து அனுப்பிவிட்டோம்; பாடம் ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்து கொடுத்துவிட்டோம்; நம் கடமை முடிந்தது என்று அமைகின்றோம். கடமை பாதிதான் முடிந்தது என்பது என் கருத்து. நூலைக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்நூலுக்குள் வேண்டிய இடத்துக்குச் செல்லவும், நிறுத்திய இடத்துக்குத் திரும்பி வரவும் வழி கொடுத்தல் வேண்டும்.

நாம் எவ்வாறு படிக்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசையாகப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? பொருளடக்கத்தைப் பார்க்கின்றோம், வேண்டிய இயலைப் புரட்டுகின்றோம், இரண்டு பத்தி பின்னே சென்று மீண்டும் பார்க்கின்றோம், பேருந்துச் சீட்டை மடித்துப் பக்கத்தில் செருகுகின்றோம். சிறுவயதில் மயிலிறகு வைத்தோமே, அதுவும் இவ்வகையில் ஓர் அடையாளந்தான். படிப்பு என்பதே இப்படிப் போவதும் வருவதும் நிற்பதும் குறிப்பதுமாகிய செயலன்றோ? இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, ‘மூன்று மணி நேரம் ஓடும் ஒலிப்பதிவு இது, கேட்டுக்கொள்’ என்று ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதைக் கேட்கலாம், படிக்க இயலாது.

நூலை அடுக்கடுக்காகப் பகுத்து வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்துக்கு அதிகாரம் 3; ஒவ்வொன்றிலும் இயல் 9. திருக்குறளுக்குப் பால் 3, அதிகாரம் 133. அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. இன்று கணிப்பொறி அறிஞர் ‘முதல் நிலைத் தலைப்பு, இரண்டாம் நிலைத் தலைப்பு’ என்று கூறுவதும் இத்தகைய அடுக்கைத்தான். நம் முன்னோர் வகுத்து வைத்த இவ்வடுக்கைத் தட்டச்சு செய்யும்பொழுது நாமே அழித்துவிடுகின்றோம். தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குகின்றோம். காண்பவர் கண்ணுக்கு அது தலைப்பு. திரைபடிப்பானின் செவிக்கு அது மற்றுமொரு வரி, அவ்வளவே. எழுத்துச் செயலியில் ‘தலைப்பு’ என்னும் பாணியைத் தேர்ந்தெடுத்துக் குறித்தால்தான் கருவிக்கும் அது தலைப்பு என்று தெரியும்.

அவ்வாறு குறித்த நூலில் என்ன நிகழ்கின்றது? என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் ஆசுதிரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்டது, இலவசமாகவே கிடைப்பது. அதன் உலாவு நிலையில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 என்னும் எண்ணை அழுத்தினால் அடுத்த பாலுக்கும், 2 என்னும் எண்ணை அழுத்தினால் அடுத்த அதிகாரத்துக்கும் செல்லும்படி திருக்குறளை அமைத்துவிடலாம். பார்வையற்றோருக்கான எண்ணிம நூல்களை இம்முறையில் அமைக்கவே டெய்சி கூட்டமைப்பு 1996-இல் உருவாயிற்று. டெய்சி நூலில் தலைப்புதோறும் போகலாம். அச்சு நூலின் பக்க எண்ணுக்குப் போகலாம். நின்ற இடத்தில் பக்கக்குறி இட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஈபப் என்னும் வடிவிலும் இவ்வசதிகளைச் செய்து தரலாம். தோரியம் என்னும் இலவசச் செயலியில் அத்தகைய நூலைத் திறந்து படிக்கலாம், குறியும் இடலாம்.

‘பக்கத்தில் ஒருவர் அமர்ந்து படித்துக் காட்டினால் ஆகாதா?’ என்று கேட்கலாம். திருவனந்தபுரத்தில் தமிழ் கற்கும் நாம் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். நான் தங்கியிருக்கும் கரமனையில் தமிழ் பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆற்றங்கரைத் தெருக்களில் நடந்தால் காதில் விழுவது நம் மொழிதான். ஆயினும் இளையோர் பலர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே பள்ளிக்கல்வி பெற்றவர்கள். தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். என் அறைக்கு அடுத்த தெருவில் தங்கியிருக்கும் பார்வையற்ற தம்பி ஒருவர் தமிழ் இலக்கியம் படிக்கின்றார். ‘அண்ணா, இங்கே என்னோடு தமிழில் பேச ஊரே இருக்கிறது, நன்னூலைப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை’ என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரமனையிலிருந்து காரியவட்டம் வரை பேருந்தில் செல்லும் நேரமெல்லாம் அவருக்குப் படிக்கும் நேரம் ஆகலாம். ஆனால் கைப்பேசியில் இருப்பவை பெரும்பாலும் பெயரில்லா ஒலிக்கோப்புகளும் படமெடுத்த பக்கங்களுமே. ‘84-ஆம் பக்கத்தைப் பாருங்கள்’ என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னால், மற்றவர் புரட்டி முடிக்கும்பொழுது அவர் இன்னும் முன்னுரையில் இருக்கின்றார்.

படமெடுத்த பக்கம் திரைபடிப்பானுக்கு வெறும் படமே. அதனுள் எழுத்து இருப்பதாக அது அறியாது. படத்தை எழுத்தாக்கும் கருவிகள் தமிழுக்கும் உண்டு. எனினும் துணைக்காலும் ‘ர’கரமும் உருவில் நெருங்கி நிற்பதால் கருவி மயங்கும், ஒருவர் கண்கொண்டு திருத்தியே ஆகவேண்டும். ஒருங்குறியல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் கொடிது. திரையில் நல்ல தமிழாகத் தோன்றும். உள்ளே இருப்பவை உரோமன் எழுத்துகளும் குறிகளும். கருவி அவற்றையே வாசிக்கும். அகநானூற்றைக் கேட்க விழைந்தவர் பொருளற்ற ஒலிக்கூட்டத்தைக் கேட்பார்.

சட்டம் தடுக்கின்றதோ என்று அஞ்ச வேண்டா. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் நூலை ஆக்கிக் கல்விக்காக அவர்களோடு பகிர்ந்துகொள்வதற்கு இடம் தருகின்றது. இந்நோக்கத்துக்காகவே 2013-இல் உருவான மரக்கேசு உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பெற்றது. பார்வையற்றோர் உறுப்பினராகி அதிலிருந்து நூல்களைப் பெறலாம். வாயில்கள் திறந்துள்ளன, நூல்களை ஆக்கித் தரும் கைகளே தேவை.

அக்கைகள் நம்முடையவையாக இருக்கலாகாதா? இந்நகரில் நாடகநூல் பிறந்திருக்கின்றது, நாவல் பிறந்திருக்கின்றது. மகாராசா கல்லூரியில் ஆசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. அங்கமும் களமுமாகப் பகுத்த அந்நூலைப் போல் வழிகாட்டுத் தலைப்புகளுக்கு இசைந்த நூல் வேறு எது? பணியை அதிலிருந்தே தொடங்கலாம்.

நம் மன்றத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கின்றேன். உறுப்பினர் ஐவர் சேர்ந்து பருவத்துக்கு ஒரு பாடநூலை எடுத்துக்கொள்க. ஒருங்குறியில் அடித்துப் பிழை திருத்துக. இயலுக்கும் உட்பிரிவுக்கும் உண்மையான தலைப்புப் பாணி இடுக. அச்சுப் பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் குறிக்க. டெய்சி கூட்டமைப்பின் ‘வேர்ட் டு ஈபப்’ என்னும் இலவசக் கருவியால் அதனை ஈபப் ஆக்குக. பின்னர்ப் படிப்பவரோடு ஒரு மணி நேரம் அமர்ந்து, தலைப்புக்குத் தாவுவதும் பக்கக்குறி இடுவதும் அவர் விரலுக்குப் பழகும்வரை உடனிருக்க. ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் இயலுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, எண்ணும் பெயரும் இட்டுக் கொடுக்க. ஆக்கிய நூல் தேவையுடையாரிடம் மட்டுமே செல்லுமாறும் காக்க வேண்டும்.

‘எங்களுக்கு நேரம் எங்கே?’ என்பீர்கள். ஐவர் பிரித்துக்கொண்டால் இருநூறு பக்க நூலில் ஒருவர்க்கு வருவது நாற்பது பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்றாலும் ஒன்றரைத் திங்களுக்குள் முடியும். ஒருமுறை செய்த நூல் அடுத்த ஆண்டு வருவோர்க்கும் அதற்கடுத்த ஆண்டு வருவோர்க்கும் பயன்படும். அத்துடன், சொல்லுக்குச் சொல் பார்த்துத் திருத்திய நூல் திருத்தியவர் நெஞ்சிலும் பதியும். தேர்வில் அதன் பயனை நீங்களே காண்பீர்கள்.

இதனை அறம் என்று சொல்லி யாரையும் நான் அழைக்கவில்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் பயில்வோருள் ஒருவர் மட்டும் பக்கம் புரட்ட இயலாமல் இருப்பது முறையன்று. அம்முறைகேட்டை நீக்கும் ஆற்றல் நம் விரல்நுனியில் இருக்கின்றது. வரும் பருவத்தின் முதல் கூட்டத்திலேயே ஐவர் பெயர் எழுதப்படட்டும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்க. மற்ற நால்வர் யார்?