சிவா சொன்னதில் என்ன தப்பு?

போன ஞாயிறு மலை மந்திர்ல முருகனைக் கும்பிட்டுட்டு, முனிர்கா திரும்பி வழக்கமான டீக்கடையில் நம்ம ஊர் ஜமா உட்கார்ந்தோம். கிரிக்கெட் பேச்சு எங்கெங்கோ சுத்தி எல். சிவராமகிருஷ்ணனிடம் வந்து நின்னது. "ஆளு சும்மா அனுதாபம் தேடுறார் சார். வருஷக்கணக்கா கமெண்ட்ரி பாக்ஸ்ல உட்கார்ந்தவருக்கு என்ன குறை?" என்றார் ஒருத்தர். மத்தவங்களும் தலையாட்டினாங்க. எனக்கு மனசு கேக்கலை. அதான் இந்தப் புலம்பல்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: 2021 நவம்பரில், வர்ணனையாளர்களை இணையத்தில் கிண்டல் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. அப்போது சிவா, வாழ்நாள் முழுக்க நிறத்தை வைத்துத் தன்னைப் பாகுபாடு காட்டியிருக்கிறார்கள், அதுவும் நம்ம நாட்டிலேயே என்றார். 1983-ல் 17 வயதில் டெஸ்ட் ஆடினவர். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரா ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தவர். அவருக்கே இந்தக் கதி!

"அப்பவே ஏன் சொல்லலை?"ன்னு கேக்கறாங்க. சொன்னவங்களுக்கு என்ன ஆச்சு? 2017-ல் அபினவ் முகுந்த், சின்ன வயசுல இருந்து தன் நிறத்தைக் கேலி பண்ணினதை எழுதினார். இந்திய அணியில் இருந்த நேரம். உடனே, 'இதுக்கும் டீம்ல இருக்கறவங்களுக்கும் சம்பந்தமில்லை'ன்னு அவரே விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. அடிபட்டவனே சமாதானமும் சொல்லணும். இதுல 17 வயசுப் பையன் 1983-ல் யார்கிட்ட போய்ச் சொல்வான்?

அடுத்தது, "அதெல்லாம் பிரியமா கூப்பிடறது சார்." டேரன் சாமியும் அப்படித்தான் நம்பினார். ஐதராபாத் ஐபிஎல் அணியில் தன்னையும் திசாரா பெரேராவையும் 'காலூ'ன்னு கூப்பிட்டப்போ, பலசாலிக் குதிரைன்னு அர்த்தம்னு நினைச்சாராம். உண்மை அர்த்தம் தெரிஞ்சு 2020-ல் கொதிச்சுப் போனார்.

இப்ப என் வீட்டுக் கதை. பொண்ணு ஆறாவது படிக்கிறா. போன வருஷம், "வேன்ல என்னை 'காலி'ன்னு கூப்பிடறாங்கப்பா"ன்னு அழுதா. "விளையாட்டுக்குச் சொல்வாங்க, கண்டுக்காதடா"ன்னேன். அப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்லை. சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். இன்னும் கூப்பிடறாங்களாம். "சொன்னா நீ விளையாட்டும்பே"ன்னா.

என்னத்த சொல்ல! டீக்கடையில் சிவாவுக்குச் சொன்ன அதே பதிலை நான் என் பொண்ணுக்குச் சொல்லியிருக்கேன். அவரும் இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்பப் புரியுது.

இன்னொண்ணு. மாடி வீட்டு மணிப்பூர் பசங்களை நம்ம ஜமா என்ன பேர் சொல்லிக் கூப்பிடுதுன்னு நமக்கே தெரியும். அதுவும் விளையாட்டுக்குத்தான். 2014 ஜனவரியில், இதே டெல்லி லாஜ்பத் நகரில், அருணாச்சல மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டல் பண்ணதில்தான் தகராறு ஆரம்பிச்சது. அடிபட்டுச் செத்தே போனார்.

பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். வேன்காரர்கிட்டயும் பள்ளிக்கூடத்துலயும் பேசப்போறேன். அடுத்த ஞாயிறு டீ என் கணக்கு, எல்லாரும் வாங்க. சிவா பேச்சு வந்தா இந்தத் தடவை சும்மா இருக்க மாட்டேன்.

பி.கு: ஊர்ல பொண்ணு பார்க்கும்போது 'நல்ல கலரா இருக்கணும்'னு சொல்ற மாமிகளுக்கும் இது சேர்த்துத்தான். கோவிச்சுக்காதீங்க.