மஞ்ச ஒயரும் 1080 பொய்யும்

போன மாசம் எங்க வீட்டுல ஒரு சாவு. பதறாதீங்க மக்களே, போனது 21 இன்ச் டப்பா டிவி. அதையே நம்பியிருந்த பிளேஸ்டேஷன் 2 அனாதையா நின்னுச்சு.

கம்ப்யூட்டர் மானிட்டர் சும்மாத்தானே இருக்குன்னு ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு குட்டி டப்பா வாங்கிட்டு வந்தேன். இந்தப் பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அந்தப் பக்கம் எச்டிஎம்ஐ. மேல '1080பி'ன்னு கொட்டை எழுத்து. "தியேட்டர் மாதிரி இருக்கும் சார்"னார் கடைக்காரர்.

தியேட்டர் மாதிரிதான் இருந்துச்சு, கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுப் பாத்த தியேட்டர். சிவப்புக் காரோட கலர் ரோட்டுல வழியுது. எழுத்தோட ஓரத்துல எறும்பு ஊருது. நான் ஸ்டியரிங்க ஒடிச்சா, கார் கொஞ்சம் யோசிச்சுட்டுத் திரும்புது. பக்கத்துல நின்ன அண்ணன் பையன், "சித்தப்பா, இதையா அப்பாவும் நீங்களும் விடிய விடிய விளையாடினீங்க?"ன்னான். சுருக்குன்னுச்சு.

நண்பர்கள்கிட்ட புலம்பினா, எல்லாரும் ஒரே பாட்டு: "பழசுன்னா அப்படித்தான். தூக்கிப் போட்டுட்டு எமுலேட்டர் போட்டுக்க."

அய்யா சாமிகளா, இந்தத் தீர்ப்பைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். விசாரிக்காமயே தூக்குல போடுறீங்க.

முதல் குற்றவாளி அந்த மஞ்ச ஒயர். காம்போசிட்னு பேரு. வெளிச்சம், கலர் ரெண்டையும் ஒரே கம்பியில சேத்து அனுப்பும். அந்தப் பக்கம் போனதும் அதைத் திரும்பப் பிரிக்கணும். சாம்பாரையும் ரசத்தையும் ஒரே தூக்குல ஊத்திக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுக்கன்னா எப்படி? கலர் வழியறதும் எறும்பு ஊர்றதும் அதனாலதான். மெஷின் உள்ள படம் சுத்தமாத்தான் இருக்கு.

ரெண்டாவது குற்றவாளி அந்த டப்பா. நம்மூர் பால் முறையில இந்த மெஷின் பெரும்பாலும் அனுப்புறது 576ஐ. ஒரு தடவை ஒத்தைப்படை வரி, அடுத்த தடவை ரெட்டைப்படை வரி. டிவிக்கு இது தாய்மொழி. நொடிக்குச் சுமார் 15,600 வரி. சாதாரண விஜிஏ மானிட்டர் எதிர்பாக்குறதோ குறைஞ்சது 31,500 வரி. அதனால நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும், சரி. ஆனா மலிவு டப்பா வரிகளைச் சேத்து வெச்சு, ஊதிப் பெருசாக்கி, ஆற அமர அனுப்புது. 1080ன்னு போட்டிருக்கது வெளியே போற அளவு. உள்ளே வந்தது அதே மஞ்ச ஒயர் கஞ்சிதான். இதை அட்டைப் பெட்டியில சொல்லாம விக்கிறது பித்தலாட்டம் இல்லாம வேற என்ன?

"பழசுன்னாலே மங்கல்"னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. 1998ல ஜப்பான்ல வந்த செகா டிரீம்காஸ்டுக்கு விஜிஏ பெட்டின்னு ஒண்ணு உண்டு. அதை மாட்டினா பெரும்பாலான ஆட்டம் நேரடியா கம்ப்யூட்டர் மானிட்டர்ல 640க்கு 480ல பளிச்சுன்னு வரும். பிளேஸ்டேஷன் 2 வர்றதுக்கு முன்னாடியே! அப்ப வயசு குத்தமில்லயே, வழிதானே குத்தம்?

நான் செஞ்சதைச் சொல்றேன். முதல்ல மெஷினோட செட்டிங்ல காம்பொனன்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபில இருந்து ஒய்-பிபி-பிஆருக்கு மாத்தினேன். இதை மறந்தா கலர் கன்னாபின்னான்னு வரும். அப்புறம் பச்சை, நீலம், சிவப்புன்னு மூணு கம்பியில பிரிச்சு அனுப்புற காம்பொனன்ட் கேபிள். கூடவே சத்தத்துக்கு இன்னொரு சிவப்பும் இருக்கும், குழப்பிக்காதீங்க. நடுவுல ஓ.எஸ்.எஸ்.சி.ன்னு ஒரு கருவி. படத்தைச் சேத்து வெக்காம, வர்ற வரியை வந்த கையோட ரெட்டிப்பாக்கி அனுப்பிடும். தாமதம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல. கடைசியா மானிட்டரை 4:3க்கு மாத்தினேன், காரெல்லாம் சப்பையாத் தெரியாம இருக்க.

குறையும் சொல்லிடறேன். அசையாத மெனுவுல லேசா நடுக்கம் தெரியும். பால் மெஷின்னா மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏத்துக்கணும், எல்லாம் ஏத்துக்காது. அந்த மலிவு டப்பாவைவிடச் செலவும் ஜாஸ்தி. காசில்லன்னா, பக்கத்து வீட்டுல தூக்கிப் போடப் போற டப்பா டிவியைக் கேட்டு வாங்குங்க, அதுவே உத்தமம்.

எமுலேட்டர் மேல எனக்குப் பகை கிடையாது. நல்ல கம்ப்யூட்டர் இருந்தா படம் இதைவிடக் கூர்மையாவே வரும். ஆனா ஒழுங்கா ஓடுற மெஷினை, தப்பான ஒயரால வந்த பேருக்காகக் குப்பையில போடாதீங்க. அவ்ளோதான் என் வழக்கு.

நேத்து ராத்திரி கிரான் டூரிஸ்மோ 4 போட்டேன். 8 எம்பி மெமரி கார்டுல, அண்ணன் துபாய் போறதுக்கு முன்னாடி 2006ல சேத்து வெச்ச காரெல்லாம் அப்படியே நின்னுச்சு. பையன் ஒவ்வொண்ணா பாத்துட்டு, "இதெல்லாம் அப்பா ஜெயிச்சதா?"ன்னான். அப்புறம் இன்னொரு கன்ட்ரோலர் எங்கன்னு கேட்டான்.

டிஸ்கி: அந்த 1080 டப்பா சும்மாதான் கிடக்கு. யாருக்காவது வேணுமா? எதிரிங்களுக்கு முன்னுரிமை.