உபவாஸம் இருந்த பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். தியாகராய நகரில் என் தமையனார் வீட்டிலும் சென்ற மாதம் எல்லோரும் நடுங்கிக் கொண்டுதான் இருந்தார்கள். பாம்பு கடித்துவிடுமே என்றல்ல. அது ஒன்றும் சாப்பிட மாட்டேனென்கிறதே என்று!

தமையனாரின் குமாரன் வளர்க்கும் குட்டி அது. ஆங்கிலத்தில் 'கார்ன் ஸ்நேக்' என்று பெயர். சோளப் பாம்பு என்று நாம் சொல்லலாம். தென்கிழக்கு அமெரிக்காவில் மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரியும் ஜாதி. விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்தடி நீளம் இருக்கும். நம் ஊர்ச் சாரையையோ நாகத்தையோ வீட்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்பையும் அனுமதியின்றி இறக்குமதி செய்யலாகாது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வந்த பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகளோடு சோளப் பாம்புகளும் அகப்பட்டன. "நம்முடையது இந்த ஊரிலேயே பொரித்த குட்டி, சித்தப்பா!" என்று பையன் சத்தியம் செய்கிறான்.

வாரத்துக்கு ஒரு சுண்டெலிக் குஞ்சு அதன் ஆகாரம். மூன்று வாரமாக அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம்மவர்களுக்கு அன்பு என்றால் ஊட்டுவதுதானே? "சங்கில் பால் புகட்டிப் பார்க்கலாமே" என்றாள் மன்னி. பால் பாம்பின் ஆகாரமே அல்ல என்பதை அவள் நம்பவில்லை. பையனோ வாயைத் திறந்து திணித்துவிடுவதென்று இடுக்கியும் கையுமாக நின்றான்.

நல்ல வேளையாக, அடையாற்றில் எனக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரைக் கேட்டோம். அவர் மருந்து எழுதவில்லை, கேள்விகள் கேட்டார். "கண் நீலம் பாரித்து மங்கியிருக்கிறதா? அப்படியானால் சட்டை உரிக்கப் போகிறது. உரிக்கும் வரை காத்திருங்கள். ஒளிந்து கொள்ள இடம் உண்டா? அறையில் உஷ்ணம் எவ்வளவு?"

கடைசிக் கேள்வியில் குட்டு வெளிப்பட்டது. பையனின் அறையில் இரவு முழுவதும் ஏ.ஸி. ஓடுகிறது, இருபது டிகிரி! பட்டணமே வேர்த்துக் கொட்டும்போது பாம்பு மட்டும் குளிரில் சுருண்டு கிடந்திருக்கிறது. பாம்புக்கு உடற்சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கியது ஜீரணமாகாமல் வயிற்றிலேயே அழுகும். ஆகவே அது வாயை மூடிக் கொண்டது. போதாக்குறைக்கு, மயிலாப்பூர் உறவினர்கள் மாலைதோறும் வந்து மூடியைத் திறந்து தரிசனம் செய்துவிட்டுப் போனார்கள்.

வைத்தியர் சொன்னபடி பெட்டியின் ஒரு கோடியில் முப்பது டிகிரியும் மறு கோடியில் இருபத்தைந்தும் இருக்கும்படி ஏற்பாடு செய்தோம். இரு பக்கமும் ஒளிவிடம் வைத்தோம். மூன்று புறமும் காகிதம் ஒட்டினோம். ஒரு வாரம் யாரும் தொடவில்லை. பிறகு, உறைய வைத்திருந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கிச் சூடாக்கி, அந்தி நேரத்தில் கொடுத்தோம். அப்போதும் தொடவில்லை!

ஆனால் வைத்தியரிடம் இன்னொரு யுக்தி இருந்தது. காட்டில் இந்தக் குட்டிகள் முதலில் பல்லி, ஓணான் ஜாதிகளைத்தான் விரும்பித் தின்னுமாம். பல்லியையே கொடுத்தால் அதன் குடற்புழு பாம்புக்கு ஒட்டிக் கொள்ளலாம்; வாசனை மட்டும் போதும். நம் சுவர்களில் பல்லிக்கா பஞ்சம்? அறுந்து விழுந்த வால் ஒன்றை எலிக்குஞ்சின் தலையில் தேய்த்து, சிறு டப்பாவில் பாம்போடு வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தோம். காலையில் பாம்பின் நடுவே ஒரு சிறு புடைப்பு! மன்னி சர்க்கரைப் பொங்கல் செய்துவிட்டாள்.

வளர்ந்த பாம்பு பல வாரம் பட்டினியைத் தாங்கும்; குட்டி அவ்வளவு தாங்காது. எடை குறைந்து கொண்டே போனால் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டியதுதான். பலவந்தமாக ஊட்டுவது அவர் கையால் மட்டுமே நடக்க வேண்டும்.

இத்தனையையும் கேட்டுக் கொண்டிருந்த என் தாயார், "ஏண்டா, பாம்பு பட்டினி கிடந்தால் சும்மா விட வேண்டுமென்று தெரிகிறது. நான் ஏகாதசி இருந்தால் மட்டும் பத்துத் தரம் பழம் கொண்டு வந்து நீட்டுகிறீர்களே?" என்றார்.

அடுத்த ஏகாதசியன்று அவர் அறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.