ஊர் அறிந்த சட்டம்

உயில், வாரிசு, வரி ஆகிய விவகாரங்களில் தனியே எதையும் தேடி அலைய வேண்டியதில்லை, விஷயம் தெரிந்த நாலு பேரைக் கேட்டால் போதும், ஊரெல்லாம் ஒரே விதமாகச் சொல்லும் சங்கதி பொய்யாயிராது என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அப்படிச் சொல்லுகிறவர்கள் நல்லெண்ணத்துடனேயே சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மெய்யாகவும் இருந்தது. அது எந்தக் காலம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்பதே என் ஆட்சேபம்.

தகப்பனார் காலமானால் சர்க்காருக்கு வரி கட்டித்தான் சொத்தை அடைய வேண்டும் என்பார்கள். 1953-இல் எஸ்டேட் டூட்டி சட்டம் பிறந்து, பிற்காலத்தில் பெருஞ்சொத்துக்களின் உச்சப் பகுதிக்கு நூற்றுக்கு 85 வரை விதித்தபோது இந்தப் பயம் நியாயமானதே; வி. பி. சிங் நிதி மந்திரியாயிருந்த காலத்தில், 1985 மார்ச் 16 முதல் நேரும் மரணங்களுக்கு அந்த வரி ஒழிந்த பின்னும், பயம் மட்டும் பரம்பரைச் சொத்தாக இறங்கி வருகிறது. இதற்கு நேர்மாறாக, வாரிசாக வந்ததற்கு வரியே கிடையாது என்று நிம்மதி சொல்லுவோரும் உண்டு. பெறும்போது கிடையாது என்பது சரி, விற்கும்போது உண்டு. அப்பொழுது லாபத்தைக் கணக்கிடுவது மகன் கைக்கு வந்த நாளின் விலையைக் கொண்டன்று, தகப்பனார் கொடுத்த கிரயத்தைக் கொண்டு; அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால், மனைக்கும் வீட்டுக்கும் வழிகாட்டி மதிப்பு என்னும் வரம்புக்குட்பட்டு, அந்நாளைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகையால் பழைய பத்திரத்தையும் வீடு கட்டிய செலவின் ரசீதுகளையும் குப்பையென்று எறிந்த குடும்பம், பிற்பாடு வரியாக அதற்கு விலை கொடுக்கிறது.

நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு என்பது அடுத்த வாதம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவரேயன்றிச் சொத்துக்கு உடையவர் அல்லர் என்று சுப்ரீம் கோர்ட்டு 1983-இல் ஓர் இன்ஷூரன்ஸ் வழக்கிலும், 2023-இல் கம்பெனிப் பங்குகள் விஷயத்திலும் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் 2015-ஆம் வருஷத் திருத்தம், இன்ஷூரன்ஸில் மட்டும், பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோர் நாமினியாயிருந்தால் பணம் அவர்களுடையதே என்று செய்துவிட்டது. பாங்கி டெபாசிட்டுக்கும் பாலிசிக்கும் ஒரே பதிலைச் சொல்லுகிறவரை நம்புவதெப்படி?

உயிலை முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்தாலன்றிச் செல்லாது என்பது வெறும் பிரமை. 1925-ஆம் வருஷ வாரிசுரிமைச் சட்டம் கேட்பது எழுதியவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமுமே; பின்னால் எழுதிய பதிவாகாத உயில், முன்னால் பதிவான உயிலை ரத்து செய்யும். (முஸ்லிம்களுக்கு விதிகள் வேறு.) பதிவு செய்வது புத்திசாலித்தனம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஹிந்துக் குடும்பத்தில் பெண்ணுக்குப் பிதிரார்ஜிதத்தில் பாத்தியம் இல்லை என்பதும் அப்படியே. 1989 மார்ச் 25-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன் மணமாகிப் போன பெண்களை விலக்கி மற்றவர்களுக்குப் பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கிற்று. அன்று தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்பது 2020-இல்தான் தீர்மானமாயிற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையோ கலையாமல் நிற்கிறது. அடுத்த வீட்டுப் பாகத்தில் நடந்ததை நம் வீட்டுக்குப் பிரமாணமாகக் காட்டுவது எவ்வளவு அபாயம்!

வக்கீலிடம் போகப் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மாவட்ட நீதிமன்றங்களை ஒட்டி இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் இலவசமாக யோசனை சொல்லுகிறது. போகிறவர் மரணச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் கையோடு கொண்டு போனால், பேச்சு தேதிகளிலிருந்து தொடங்கும்.