பாலைவனத்து அருவியும் ஏதோமின் எல்லையும்



நம் சபையின் வாலிபர் சிலர் அரிசோனாவிலுள்ள ஹவாசு அருவிக்கு நடைப்பயணம் செல்ல விரும்பி, சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், ஹவாசுபாய் பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது அந்த அருவி. முன்பதிவின்றி எவரும் இறங்கக்கூடாது, ஒரே நாளில் போய்த் திரும்பவும் அனுமதியில்லை, கட்டணமும் சிறிதல்ல. "ஐயா, தேவன் படைத்த அருவியைப் பார்க்க மனிதருக்கு ஏன் இவ்வளவு பணம்? விடியுமுன் இறங்கி இரவுக்குள் ஏறிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் ஒரு தம்பி. நானும் சிரித்துத் தலையசைத்துவிட்டேன். அது தவறு என்று அறிக்கையிடவே இவ்வாரம் எழுதுகிறேன்.

ஹவாசுபாய் என்றால் நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஊற்றுநீரே அந்த அருவிக்கு அந்த நிறத்தைத் தருகிறது. கோடையில் பள்ளத்தாக்கில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். 1882-இல் அரசு அவர்களை 518 ஏக்கருக்குள் ஒடுக்கியது. 1919-இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவாயிற்று. பெருமுயற்சிக்குப் பின்னரே, 1975-இல், ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இந்த வரலாற்றைப் படித்தபோது என் தலையசைப்பு என்னைச் சுட்டது. இயற்கையின் அழகு எல்லாருக்கும் உரியது என்ற நல்ல வார்த்தையின் நிழலில்தானே ஒரு ஜனம் தன் நிலத்தை இழந்தது! தேவன் படைத்தார் என்று நாம் சொல்லும்போது, ஆகவே எனக்கும் உரிமை உண்டு என்பதைச் சத்தமின்றிச் சேர்த்துக்கொள்கிறோம். நாபோத்தின் திராட்சத்தோட்டமும் தேவன் படைத்த மண்தான். அதனால் அது ஆகாபுக்குச் சொந்தமாகிவிடவில்லை.

எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் திரளான ஜனத்தை நடத்திவந்த மோசே, ஏதோமின் ராஜாவிடம் ஆள் அனுப்பி வழி கேட்டார். வயல்களில் கால்வைக்கமாட்டோம், ராஜபாதையை விட்டு விலகமாட்டோம், தண்ணீர் குடித்தால் விலை கொடுப்போம் என்று வாக்களித்தார். ஏதோம் மறுத்தது. இஸ்ரவேலர் சுற்றிப் போனார்கள். உபாகமம் 2-ஆம் அதிகாரத்திலும், ஏசாவின் புத்திரரிடம் ஆகாரத்தையும் தண்ணீரையும் பணம் கொடுத்தே வாங்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். வாக்குத்தத்தம் பெற்ற ஜனமே பிறர் எல்லையில் அனுமதி கேட்டு நின்றதென்றால், விடுமுறையைக் கழிக்கப் போகும் நாம் எம்மாத்திரம்?

ஆகவே, வாலிபரே, விருந்தாளிகளாகத் திட்டமிடுங்கள். பழங்குடியினரிடமே முறையாக முன்பதிவு செய்யுங்கள். பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சுபாய் கிராமத்திற்கு 8 மைல். கூடாரமிடும் இடத்திற்கு மேலும் 2 மைல். சாலை கிடையாது, அவ்வூருக்குத் தபாலும் கோவேறு கழுதைமேல்தான் போகிறது. கிராமம் வரை வழியில் குடிநீர் இல்லாததால், தேவையானதைச் சுமந்து, வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்குங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை, எங்கோ மேட்டில் பெய்யும் மழை பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வரும். 2008-லும் 2024-லும் அப்படி வந்து பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த மாதங்களைத் தவிர்ப்பது நலம். மதுபானத்திற்கும் ட்ரோனுக்கும் நெருப்பு மூட்டுவதற்கும் அங்கே தடை உண்டு. ஊராரை அவர்கள் சம்மதமின்றிப் படமெடுக்காதீர்கள். கொண்டுபோகும் குப்பையை ஒன்று விடாமல் திரும்பச் சுமந்து வாருங்கள்.

கட்டணத்தைக் குறித்துச் சிலர் இன்னும் முறுமுறுக்கலாம். எல்லாருக்கும் அந்தப் பணம் எளிதல்ல என்பதை நானும் அறிவேன். ஆனால் எளியவர்மேல் கரிசனை உண்டானால், நம்மில் வசதியுள்ளவர் ஒரு தம்பியின் பங்கைச் செலுத்தட்டும். அந்தக் கரிசனைக்கான செலவை, எல்லாம் பறிகொடுத்து ஒரு பங்கை மட்டும் மீட்டுக்கொண்ட ஜனத்தின்மேல் சுமத்துவது நியாயமல்ல.

2020 மார்ச்சில், தொற்றுநோயினின்று தங்கள் மூப்பரையும் பிள்ளைகளையும் காக்க, அவர்கள் வழியை அடைத்தார்கள். 2023 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். முன்பதிவு செய்திருந்தோர் காத்திருந்தார்கள். உங்களுக்கும் இவ்வாண்டு இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது ஏதோமின் எல்லையிலிருந்து சமாதானமாய்த் திரும்பினவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மறுப்பை மதித்துத் திரும்பி நடப்பதும் பயணத்தில் கற்கவேண்டிய பாடமே.

அந்தத் தம்பியிடம் இந்த ஞாயிறு நானே பேசுவேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.