வெளியே காத்திருக்கும் ஆட்டக்காரர்

பள்ளிகளின் ஆண்டு விளையாட்டு விழாக்களில் ஒரு கருத்து தவறாமல் ஒலிக்கிறது. விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது. தலைமைப் பண்பை வளர்க்கிறது. ஒற்றுமையை ஊட்டுகிறது என்பதே அது. கேட்போர் கைதட்டுகின்றனர். எவரும் மறுக்காத கருத்தை எவரும் ஆராய்வதும் இல்லை. ஆயினும், எதிரணியினர் தம்மைத் தொட்டதை மறைக்கும் ஆட்டக்காரர் உருவாவதும் அதே மைதானத்தில்தான். நடுவரைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிடும் அணியும் அங்கேதான் உருவாகிறது. பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு இளையோர் பிரிவில் இறங்கியவர் பரிசு பெறுவதும் அங்கேதான். விளையாட்டு தானாகவே நற்பண்பைத் தந்துவிடும் எனில், இவர்களுக்கு மட்டும் அது ஏன் தரவில்லை?

மைதானத்திற்கு அப்படியொரு மந்திர ஆற்றல் கிடையாது. பிறரோடு சேர்ந்து வெல்ல வேண்டிய, பிறரோடு சேர்ந்து தோற்கவும் வேண்டிய ஒரு நிலையில் அது மாணவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்குப் பிறகு அவர் என்ன ஆகிறார் என்பதை ஆட்டத்தின் விதியும், ஆட்டத்தை நடத்துவோரும், எதற்குப் பாராட்டுக் கிடைக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. இதனை விளக்கக் கபடியைவிடப் பொருத்தமான ஆட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேறில்லை.

கபடியின் ஒரு விதி

சடுகுடு என்னும் பெயரில் ஊர்தோறும் ஆடப்பட்ட இவ்விளையாட்டு, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்ற பெயரால் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. ஓர் அணியில் 12 பேர். களத்தில் 7 பேர். எஞ்சிய ஐவர் மாற்று ஆட்டக்காரர்கள். பாடிச் செல்பவர் 30 நொடிக்குள், மூச்சை விடாது பாடியபடியே எதிரணியினரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இவை யாவரும் அறிந்தவை. பலரும் விளையாடிக்கொண்டே கவனிக்காமல் விடுகிற விதி வேறொன்று.

கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த மட்டையாளர் அந்த இன்னிங்ஸில் மீண்டும் களமிறங்குவதில்லை. கால்பந்தில் சிவப்பு அட்டை பெற்றவருக்கு அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. கபடியிலோ வெளியேறியவர் திரும்பி வரலாம். ஆனால், திரும்பி வருவது அவர் கையில் இல்லை. உள்ளே இருப்பவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டு வந்தாலோ, எதிரணியின் பாடுபவரைப் பிடித்தாலோ வெளியே இருப்பவர்களுள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருகிறார். அவ்வாறு வருபவர் யார் என்பதிலும் தேர்வுக்கு இடமில்லை. முதலில் வெளியேறியவரே முதலில் திரும்புவார். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மூன்றாவதாக வெளியேறியிருந்தால், அவருக்கு முன் சென்ற இருவரும் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்கத்தான் வேண்டும். அணித்தலைவராலும் பயிற்சியாளராலும் இவ்வரிசையை மாற்ற இயலாது.

இவ்விதியை வகுத்தவர்கள் ஒழுக்க நூல் எழுத முற்பட்டவர்கள் அல்லர். ஆட்டம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார்கள், அவ்வளவே. ஆனாலும், பதினாறு வயது மாணவர் ஒருவர் கோட்டுக்கு வெளியே அமர்ந்து, தம் வாழ்வு மற்றொருவரின் மூச்சில் தொங்குவதைக் காணும் அந்த இரண்டு நிமிடங்கள் எந்த மேடைப் பேச்சுக்கும் குறைந்தவை அல்ல. சற்று முன்னர் அவர் யாரைக் கடிந்துகொண்டாரோ, அவரே இப்போது அவரை மீட்கப் பாடிச் செல்கிறார்.

இதே ஆட்டத்தில் மற்றொரு வகைப் புள்ளியும் உண்டு. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருக்கும்போது, பாடிச் செல்பவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை ஊன்றி, மற்றொரு காலை உயர்த்தி மீண்டால் ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால், அப்புள்ளியால் வெளியே இருக்கும் எவரும் உயிர்பெறுவதில்லை. பலகையில் எண் கூடும். களத்தில் ஆள் கூடாது. போனஸ் எடுப்பதில் வல்லவரான ஒருவர் தம் கணக்கை உயர்த்திக்கொண்டே போகலாம்; அவருடைய தோழர்கள் நால்வர் வெளியே அமர்ந்தே இருக்கலாம். போனஸைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும் அணிக்கு அந்த ஒரு புள்ளியே அணியின் பொதுநலம். ஆட்டத்தின் தொடக்கத்தில், அணி மெலிந்து கிடக்கையில், அது வேறொன்று. செயல் ஒன்றே, காலம் மாறுகையில் அதன் பொருள் மாறுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே அணிக்கு உரியவர்.

பிடிப்பதிலும் இத்தகைய நுட்பம் உண்டு. மூலையில் நிற்பவர் பாடுபவரின் கணுக்காலைப் பற்றுகிறார். அந்த நொடியில் அருகில் நிற்பவர் வந்து சேராவிட்டால் பாடுபவர் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடி தளர்ந்த பிறகு ஐவரும் ஒருசேரப் பாய்ந்தாலும் கேடுதான். பாடுபவர் கோட்டை எட்டிவிட்டால் அவரைத் தொட்டிருந்த அனைவரும் வெளியேற வேண்டும். எனவே, ஒற்றுமை என்பது எல்லாரும் பாய்வதன்று. யார் பாய வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிந்திருப்பதுதான் அது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. பள்ளிப் போட்டிகளைப் பார்ப்போரில் பெரும்பாலோர் அவரைக் காண்பதே இல்லை.

யார் தலைவர்?

பெரும்பாலான பள்ளிகளில் அணித்தலைவரைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மிகுதியாகப் புள்ளி எடுப்பவர் தலைவர். அவர் மறுத்தால் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவர் தலைவர். இம்முறையில் உள்ள குறை கபடிக் களத்தில் வெளிப்படையாகத் தெரியும். சிறப்பாகப் பாடுபவரே அடிக்கடி எதிரணியின் களத்திற்குள் செல்கிறார். ஆகவே, அடிக்கடி பிடிபட்டு வெளியேறுபவரும் அவரே. அணிக்கு ஒரு குரல் மிகவும் தேவைப்படும் வேளையில் தலைவர் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கிறார். திறமையும் தலைமையும் ஒருவரிடத்தே சேர்ந்து அமையலாம். ஆனால், ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

சிறந்த ஆட்டக்காரர் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள் என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. இளையோர் திறமைக்குத் தலைவணங்குவார்கள். ஆனால், திறமைக்குக் கிடைக்கும் மதிப்பு வெல்லும்வரைதான் நீடிக்கும். தோற்கும் ஆட்டத்தில், தவறான பிடியால் புள்ளியை இழந்த பதினோராம் வகுப்பு மாணவர் தலைகுனிந்து வெளியே செல்கையில், அவரிடம் யார் என்ன சொல்கிறார் என்று கவனித்தால் தலைவரை அடையாளம் கண்டுவிடலாம். உடற்கல்வி ஆசிரியர்களுள் அனுபவம் மிக்கோர் பயிற்சி ஆட்டங்களில் புள்ளிக் கணக்கைவிட இதனையே கூர்ந்து நோக்குவர்.

தலைமை, தனக்கு வரும் பங்கைக் கையாளும் முறையிலும் வெளிப்படும். 2018ஆம் ஆண்டு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்திய கிரிக்கெட் அணி வென்றபோது, தலைமைப் பயிற்சியாளர் ராகுல் திராவிடுக்கு 50 லட்சம் ரூபாயும், பயிற்சிக் குழுவின் பிற உறுப்பினர்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாயும் பரிசாக அறிவிக்கப்பட்டன. ஒரே உழைப்புக்கு இருவேறு அளவுகோல் கூடாது என்னும் கருத்தைத் திராவிட் முன்வைத்தார். அதன்பின் அனைவருக்கும் தலா 25 லட்சம் என்று பரிசு மாற்றியமைக்கப்பட்டது. அவருக்குரிய தொகை பாதியாகக் குறைந்தது. அந்த அணியில் இருந்த பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் அவரிடம் மட்டை பிடிக்கும் நுணுக்கத்தோடு இதனையும் பார்த்தார்கள்.

பிறந்த தேதி

பள்ளி விளையாட்டின் பண்பைச் சோதிக்கும் இடம் பெரும்பாலும் களமன்று, ஒரு தாள். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்துக் குறுவட்ட அளவிலும் வருவாய் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் போட்டிகள் நடத்தப்படுகின்றன. வளரும் பருவத்தில் இரண்டு வயது வேறுபாடு உயரத்திலும் எடையிலும் வலிமையிலும் பெரும் இடைவெளியை உண்டாக்கும் என்பதே இப்பிரிவினைக்குக் காரணம். வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் ஆடும் வழக்கம் இந்தியாவில் பல விளையாட்டுகளிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதனைத் தடுக்க நடுவண் அரசு 2010இல் தேசிய நெறிமுறைகளை வெளியிட்டது. மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சியை எக்ஸ்-கதிரில் பார்த்து வயதைக் கணிக்கும் முறையும் கையாளப்படுகிறது.

2015ஆம் ஆண்டு பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் திராவிட் இதனைக் கடுமையாகக் கண்டித்தார்; ஆட்ட முடிவைப் பணத்திற்கு விற்பதிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது என்று வினவினார். மிகைபோலத் தோன்றும் இவ்வினா சிந்திக்கத்தக்கது. வயதைத் திருத்துவோர் மாணவர் அல்லர், பெரியவர்களே. பெற்றோரோ பயிற்சியாளரோ சொல்லித்தான் சிறுவன் தன் பிறந்த ஆண்டைத் தவறாகச் சொல்லப் பழகுகிறான். விளையாட்டில் அவன் பெறும் முதல் பாடமே பொய்யாகிறது. அதுவும் அவன் நம்பியிருக்கும் தலைவர் கற்பிக்கும் பொய். அவனுடைய வெற்றியால் மற்றொரு சிறுவன் வெளியேறுகிறான். உண்மையிலேயே பதின்மூன்று வயதான அச்சிறுவன் தனக்குத் திறமை போதவில்லை என்று எண்ணி விளையாட்டையே விட்டுவிடக்கூடும். கபடியில் வெளியேறியவரை மீட்க ஒரு விதி இருக்கிறது. இவனை மீட்க விதி ஏதும் இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள நெருக்கடியையும் மறைத்தல் ஆகாது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுச் சான்றிதழுக்கு இடமுண்டு. வசதியற்ற குடும்பத்திற்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று மூன்று தலைமுறை வறுமையைக் கடக்கும் வாயிலாகத் தெரிகிறது. 2025இல் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த மாணவி ஒருவர் இடம்பெற்றார். நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. அங்கிருந்து அவ்வளவு தொலைவு செல்ல விளையாட்டு வழியாயிற்று என்பது மகிழத்தக்கது. வாயில் இத்துணைக் குறுகலாக இருப்பதனால்தான், அதில் பொய்யாக நுழையும் ஒவ்வொருவரும் மெய்யாக நுழைய வேண்டிய இன்னொருவரைத் தள்ளிவிடுகிறார். வறுமை இக்குற்றத்திற்கு விளக்கமாகலாம்; நியாயமாகாது. ஏனெனில், தள்ளப்படுபவரும் பெரும்பாலும் அதே வறுமையிலிருந்து வந்தவரே.

பன்னிருவருக்கு அப்பால்

ஆயிரம் பேர் பயிலும் பள்ளியில் கபடி அணிக்குத் தேர்வாவோர் பன்னிருவர். விளையாட்டு பண்பை வளர்க்கும் என்று மேடையில் பேசுவோர் மற்ற 988 பேரைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பது தெளிவாக இல்லை. தேர்வு நெருங்குகையில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் இயற்பியலுக்கும் கைமாறுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அப்பாடவேளை கால அட்டவணையில் மட்டுமே காணப்படுவதுண்டு. மாணவியரின் நிலை இன்னும் கடினம். மாலைப் பயிற்சிக்குப் பிறகு வீடு திரும்பும் பேருந்து, உடைமாற்ற ஓர் அறை ஆகியவை இல்லாமலேயே பலருடைய ஆட்டம் நின்றுவிடுகிறது.

கோப்பை வெல்லும் அணியை மட்டும் வளர்க்கும் பள்ளியைவிட, வகுப்பு முழுவதையும் நான்கு அணிகளாகப் பிரித்து வாரந்தோறும் ஆடச் செய்யும் பள்ளியே விளையாட்டின் பயனை அறிந்தது எனலாம். அங்கே தலைவர் பொறுப்பைச் சுழற்சி முறையில் அனைவருக்கும் வழங்க முடியும். வகுப்பில் வாய் திறக்காத மாணவர் ஒரு வாரம் எழுவரை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிப்பார். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவ்வாரம் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவார். நடுவர் பொறுப்பையும் மாணவரே ஏற்கலாம். தன் நண்பரை வெளியே அனுப்பும் முடிவை அறிவிப்பதற்கு, பாடிச் செல்வதற்கு வேண்டிய துணிவைவிடச் சற்று மிகுதியாகவே துணிவு வேண்டும். இவ்வேற்பாட்டுக்குத் தனி நிதி ஏதும் தேவையில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு போட ஆள் வேண்டும். அந்தப் பாடவேளையை வேறு பாடத்திற்குக் கேட்டு வருவோரிடம் இல்லை என்று சொல்லத் தலைமையாசிரியர் அணியமாக இருக்க வேண்டும்.