யப்பானியர் வழக்கங்கள்: ஒரு வைத்தியரின் பார்வையில்

சென்ற இதழில், நம் சரஸ்வதி யப்பானில் ‘பென்சைத்தென்’ என்ற பெயரிலும், விநாயகர் ‘கங்கித்தென்’ என்ற பெயரிலும் வழிபடப்படுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சங்க அன்பர்கள் சிலர், “தெய்வங்களைப் பற்றிச் சொன்னீர்கள், மனிதரைப் பற்றிச் சொல்லவில்லையே, அவர்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள்?” என்று கேட்டார்கள். நம் பெரியவர் ஒருவர், “உலகத்தில் நீண்ட ஆயுள் உள்ளவர்களில் அவர்களும் முன்வரிசையாம், அந்த இரகசியத்தையும் எழுதுங்கோ டொக்டர்” என்று வேண்டிக்கொண்டார்.

இரகசியம் என்று ஒன்றும் இல்லை. எல்லா மக்களையும் போல அவர்களுக்கும் ஆயுளைக் காக்கும் வழக்கங்கள் சில உண்டு. ஆயுளைக் குறைக்கும் வழக்கங்களும் சில உண்டு. எது எந்த வகை என்று அவர்கள் கண்டுபிடித்து, வழக்கத்தைக் கைவிடாமலே ஆபத்தை மட்டும் குறைக்க முயன்றார்கள். நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் வீட்டு வாசல். யப்பானிய வீட்டின் நுழைவிடத்துக்குக் ‘கெங்கன்’ என்று பெயர். அதன் தரை வீட்டின் உட்தரையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். சப்பாத்தை அங்கேயே கழற்றி, அதன் முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். உள்ளே நடக்க மெல்லிய செருப்புத் தருவார்கள். ‘தத்தாமி’ எனப்படும் கோரைப் பாய் விரித்த அறையில் அதையும் கழற்ற வேண்டும். மலசலகூடத்துக்கென்று வாசலில் தனிச் செருப்பு இருக்கும். அந்தச் செருப்போடு விருந்தறைக்கு வந்து நிற்பதுதான் வெளிநாட்டு விருந்தாளிகள் வழக்கமாகச் செய்யும் கூத்து. வாசலில் செருப்பை விட்டுக் கால் கழுவி உள்ளே போன நமக்கு இவை அந்நியமல்ல. ஆனால் கம்பளம் விரித்த வீடுகளுக்குக் குடிவந்த பின் நம்மில் சிலர் அதை மறந்துவிட்டோம்.

தடிமன், இருமல் வந்தால் முகக்கவசம் அணிவதும் அவ்வாறே. 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காலத்திலிருந்தே அந்நாட்டில் பரவிய பழக்கம் அது. தன் நோய் பிறருக்குத் தொற்றக் கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. மற்ற நாட்டவர் அதைப் படிக்க 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது.

அடுத்தது குளியல். நாம் அழுக்குப் போகக் குளிக்கிறோம். யப்பானியரோ தொட்டிக்கு வெளியே அமர்ந்து, சவர்க்காரம் போட்டு, நன்றாகக் கழுவித் துப்புரவான பின்னர்தான் தொட்டியில் இறங்குவார்கள். ‘ஒஃபுரோ’ எனப்படும் அத்தொட்டி, களைப்பாறுவதற்காக வெந்நீரில் தோள்வரை மூழ்கி இருக்கும் இடம். அதே நீரில் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக இறங்குவர். முன்பு குடும்பத் தலைவருக்கே முதலிடம். விருந்தாளி வந்தால் அவருக்கு முதலிடம் கொடுப்பது மரியாதை.

உடலுக்கு இதம், மனதுக்கு அமைதி, நல்ல உறக்கம் என்று இதற்கு நன்மைகள் பல. ஆனால் குளிர்காலத்தில் இதுவே முதியோருக்கு யமனாகிறது. பழைய வீடுகளில் உடை மாற்றும் அறை குளிர்ந்து கிடக்கும். அங்கே ஆடையைக் களைந்ததும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். பிறகு சூடான நீரில் இறங்கியதும் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். எழுந்து நிற்கும்போது மேலும் இறங்கும். தலை சுற்றி, நினைவு தப்பி, சத்தமில்லாமல் நீருக்குள் சரிந்துவிடுவார்கள். ஆண்டுதோறும் அந்நாட்டில் வீட்டுத் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியோரின் தொகை, வீதி விபத்தில் இறக்கும் முதியோரின் தொகையைவிடப் பெரிது.

இதற்காக யப்பானியர் ஒஃபுரோவை விட்டுவிடவில்லை. அரசாங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில எளிய விதிகளை நினைவூட்டுகிறது. நீரின் சூடு 41 பாகைக்கு மேற்படாதிருக்கட்டும்; 10 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்; உடை மாற்றும் அறையை முன்பே சூடாக்குங்கள்; சாப்பிட்ட உடனேயும் மது அருந்திய பின்னும் இறங்காதீர்கள்; மெல்ல எழுந்திருங்கள்; குளிக்கப் போகுமுன் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர் நாடுகளில் வாழும் நம் பெற்றோருக்கும், முக்கியமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும், இவை அப்படியே பொருந்தும்.

இனி உணவு. உண்ணுமுன் கை கூப்பி ‘இததாகிமசு’ என்பார்கள். ‘பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். ஒகினாவாத் தீவின் முதியோர் வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பார்கள். மீனும் காய்கறியும் கடற்பாசியும் சோயாவும் அவர்கள் உணவில் நிறைய உண்டு. இதைக் கேட்டதும், யப்பானியர் என்றுமே ஆரோக்கியமாக இருந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

1951 முதல் 1980 வரை அந்நாட்டில் மரணத்துக்கு முதற் காரணமாக இருந்தது பாரிசவாதம். வடபகுதிக் கிராமங்களில் அது மிகவும் மோசம். பனி மூடிய நீண்ட குளிர்காலத்துக்காகக் காய்கறிகளை உப்பிலிட்டு வைப்பார்கள். அதோடு மிசோக் களியில் செய்த சூப், சோயா சோஸ், உப்பு மீன். 1950களில் ஆராய்ந்தபோது அக்கிராமங்களில் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உட்கொள்வது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் அளவு 5 கிராமுக்குக் குறைவு.

மலைநாடான நகானோ மாகாணத்தில் சாக்கு என்ற ஊரின் வைத்தியசாலைக்கு 1945இல் வந்து சேர்ந்தவர் தொஷிகாசு வகட்சுகி என்ற சத்திரசிகிச்சை நிபுணர். வைத்தியசாலையில் இருந்துகொண்டு நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகச் சென்று மக்களைப் பரிசோதித்தார். வெறும் உபதேசம் செய்தால் உழவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று கண்டு, தாதிமாரையும் மற்ற வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டு சுகாதார நாடகங்கள் நடித்துக் காட்டினார். 1959இல் யாச்சிஹோ என்ற கிராமத்தில், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரார் அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. அவர் பணிக்கு 1976இல் மக்சேசே விருது கிடைத்தது.

அம்மாகாணத்தில் வேறு பலரும் இதில் உழைத்தார்கள். இல்லத்தரசிகளே தொண்டர்களாகி, அண்டை வீடுகளுக்குப் போய் மிசோ சூப்பின் உப்பை அளவுகருவி வைத்து அளந்தார்கள். “சூப்பை விடாதீர்கள், மிசோவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். நூடில்ஸ் சாப்பிடுங்கள், அதன் குழம்பை மிச்சம் விடுங்கள்” என்றார்கள். காலப்போக்கில் நகானோ யப்பானிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மாகாணங்களில் ஒன்றானது. நாடு முழுவதிலும் உப்பு குறைந்தது. இருந்தும் சராசரி இன்னும் 10 கிராம் அளவில் நிற்கிறது; சோயா சோஸ் அவ்வளவு இலேசில் விட்டுப்போகுமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லும் நாம் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் ஒரே நேரச் சாப்பாட்டில் சேரும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

புத்தாண்டில் உண்ணும் ‘மொச்சி’ இன்னொரு கதை. பசையரிசியை அவித்து உரலில் இடித்துச் செய்யும் இந்தப் பண்டம் மங்கலமானது. அது இல்லாமல் அவர்களுக்குப் புத்தாண்டு இல்லை. ஆனால் பிசுபிசுப்பானது. பல்லும் உமிழ்நீரும் குறைந்த முதியோரின் தொண்டையில் அது சிக்கி ஒவ்வோர் ஆண்டும் மரணங்கள் நேர்கின்றன. தோக்கியோவின் தீயணைப்புப் படையினர் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள்: சிறு துண்டாக வெட்டுங்கள், முதலில் தொண்டையை நனையுங்கள், நன்றாக மெல்லுங்கள், தனியே இருந்து உண்ணாதீர்கள் என்று.

அவர்கள் உண்ணும் கோல்களுக்கும் விதிகள் உண்டு. சோற்றில் கோலை நட்டு வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் கோலிலிருந்து இன்னொருவர் தம் கோலால் உணவை வாங்கவும் கூடாது. இதன் காரணம் நம்மவருக்கு நன்றாக விளங்கும். அங்கும் தகனமே வழக்கம். எரிந்தபின் உறவினர் சூழ நின்று, எலும்புகளைக் கோல்களால் எடுத்துக் கலசத்தில் இடுவார்கள். கலசத்துக்குள் இறந்தவர் தலைகீழாக இருக்கக் கூடாதென்று பாதத்தில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள். ‘தொண்டைப் புத்தர்’ என்று ஓர் எலும்பைத் தனியே கவனமாக எடுப்பார்கள். அது தியானத்தில் அமர்ந்த புத்தரைப் போல் இருக்கும். உண்மையில் அது தொண்டை எலும்பு அல்ல. கழுத்து முள்ளந்தண்டின் இரண்டாவது எலும்பு. மருத்துவக் கல்லூரியில் அதை எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒரு புத்தரைக் காண எனக்குத் தோன்றியதில்லை.

இறந்தபின் எலும்பைத் தொட்டு எடுக்கத் தயங்காத இம்மக்கள், உயிரோடு இருப்பவர் முன்னிலையில் மரணத்தைப் பேசப் பெரிதும் தயங்குவார்கள். நாலு என்ற எண்ணின் ஒலி ‘ஷி’. மரணத்துக்கும் அதே ஒலி. ஒன்பது ‘கு’, துன்பத்துக்கும் அதே ஒலி. ஆகவே சில வைத்தியசாலைகளில் இவ்வெண்களில் அறையே இராது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது சாடியில் வேரோடு உள்ள செடியைக் கொண்டுபோகக் கூடாது. நோயாளி படுக்கையில் வேரூன்றிவிடுவார் என்று பயம்.

இந்தத் தயக்கம் வைத்தியத்திலும் புகுந்திருந்தது. புற்றுநோய் என்றால் வைத்தியர் குடும்பத்தாரை வேறாக அழைத்துச் சொல்வார். நோயாளியிடம் ‘வயிற்றுப் புண்’ என்பார். அகிரா குரோசவா 1952இல் எடுத்த ‘இகிரு’ என்ற திரைப்படத்தின் கதையே இதில்தான் தொடங்குகிறது. சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ 1989 ஜனவரி 7இல் காலமானார். அவருக்கு இருந்தது சிறுகுடலின் தொடக்கத்தில் வந்த புற்றுநோய் என்பது அவர் இறந்த பின்னரே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அவருக்கும் அது சொல்லப்படவில்லை.

1983இல் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையில் புற்றுநோய் என்று வைத்தியர் ஐயுற்றார். ஆனால் அவரிடம் “பித்தப்பைக் கல் மோசமாக இருக்கிறது, வைத்தியசாலையில் சேருங்கள்” என்று மட்டும் சொன்னார். கல்தானே என்று எண்ணிய அப்பெண் வெளிநாட்டுப் பயணம் போனார். வைத்தியசாலையில் சேர்வதைத் தள்ளிப்போட்டார். அதே ஆண்டில் இறந்துபோனார். குடும்பத்தார் தொடுத்த வழக்கில், அக்காலத்து வழக்கப்படி வைத்தியர் செய்தது தவறல்ல என்றே 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் வழக்கமே மாறத் தொடங்கியிருந்தது. சிகிச்சைகள் பெருகின, நோயாளி அறியாமல் அவற்றைக் கொடுப்பது கடினமாயிற்று. இன்று பெரும்பாலும் நோயாளிக்கே சொல்கிறார்கள். குடும்பத்தாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நம் வீடுகளில் இன்றும் அந்தப் பழைய யப்பானிய வழக்கமே நடக்கிறது. அம்மாவுக்கு இந்நாட்டு மொழி தெரியாது. மகனோ மகளோ மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருப்பார். வைத்தியர் பத்து வசனம் பேசுவார். அம்மாவின் காதுக்கு இரண்டு வசனம் போகும். புற்றுநோய் என்ற சொல் போகாது. பிள்ளையின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் தலைமயிர் உதிரும்போது அம்மா என்ன நினைப்பார்? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். பிள்ளை மனம் நோகும் என்று அவரும் தெரியாதவர் போல் இருப்பார். இரு பக்கமும் நடித்துக்கொண்டிருக்க, ஊருக்குப் போய்த் தங்கையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையும், நேர்த்திக் கடனும், பேசித் தீர்க்க வேண்டிய பழைய மனத்தாங்கலும் அப்படியே நின்றுவிடும்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மொழிபெயர்ப்பைப் பிள்ளைகளின் தலையில் சுமத்த வேண்டாம். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இரண்டு, பரிசோதனை முடிவு வருமுன்பே, “அம்மா, டொக்டர் எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, அல்லது எங்களிடம் சொன்னால் போதுமா?” என்று கேட்டுவிடுங்கள். தெரிய வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும். மூன்று, முதியோரே, பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். உடல்நலம் நன்றாக இருக்கும் இந்நாளிலேயே உங்கள் விருப்பத்தைச் சொல்லிவையுங்கள். அபசகுனம் என்று யாராவது முகம் சுளித்தால், டொக்டர்தான் சொல்லச் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

அடுத்த இதழில், யப்பானியரின் ‘கானா’ எழுத்துக்கள் நம் நெடுங்கணக்கைப் போல அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி வரிசையாக வருவது எப்படி என்பதைப் பார்ப்போம்.